காலரில் குடை மாட்டிய ஆள்

1. ஓடத்துறையில் ஒரு விசாரணை

"யோவ், நில்லு. எதுக்குய்யா பாலத்தைப் படம் புடிக்கிற?"

ஓடத்துறைப் பக்கம் காவிரிக் கரையில் ஸ்டாண்டை விரித்து, கேமராவை அதில் பூட்டி, லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டேனா என்று மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு போலீஸ்காரர் இறங்கி வந்தார். 

"காலண்டருக்கு சார்."

"எந்தக் காலண்டரு?"

"மணப்பாறையில மாவு மில்லு வச்சிருக்காங்க சார். அவங்க வருஷா வருஷம் போடுறது."

"மாவு மில்லுக்குப் பாலம் எதுக்கு? முறுக்குப் படம் போட வேண்டியதுதானே?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பேர், ஸ்டுடியோ பேர், தெருப் பேர் மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். "சட்டுபுட்டுன்னு எடுத்துட்டு எடத்தைக் காலி பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த நோட்டில் என் பேர் ஏறியது ஏறியதுதானே? ஸ்டாண்டு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு எடுத்த பாலம் ஆடியிருக்கும்.

எமர்ஜென்சி வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்த நேரம். எனக்கு இருபத்தாறு வயசு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. பிறவியிலேயே நான் பயந்த சுபாவம். டார்க் ரூம் குழாயை மூடிவிட்டேனா என்று பாதி வழி போனவன் திரும்பி வந்து பார்ப்பேன். அந்தக் காலத்தில் ஊரே பயந்து கிடந்ததால் என் பயம் வெளியே தெரியவில்லை.

எனக்குப் பயப்பட ஒரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் ஒரு தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்குக் குரூப் போட்டோ எடுத்திருந்தேன். பெஞ்சு போட்டு மூன்று வரிசை. ஸ்டுடியோவுக்கு வழக்கமாக வருகிற வேலைதான். பிறகு எமர்ஜென்சியில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தபோது, முன் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் உள்ளே போனார்கள். எங்கள் முதலாளி ஆரோக்கியசாமி என்னைக் கூப்பிட்டார். "நமக்கு எதுக்குடா வம்பு? அந்த நெகட்டிவை அடுப்புல போடு" என்றார். வெந்நீர் அடுப்பில் நானே போட்டேன். ஃபிலிம் எரிகிற நாற்றம் ரெண்டு நாள் சட்டையிலேயே இருந்தது. அதிலிருந்து யார் என்னை ரெண்டு தடவை பார்த்தாலும் சி.ஐ.டி. என்றுதான் தோன்றும்.

2. ஆறு தாள், ஆறு இடம்

காலண்டர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மணப்பாறை மாவு மில் பழனியப்பன் ஒவ்வொரு வருஷமும் ஆறு தாள் காலண்டர் போட்டுத் தன்னிடம் அரிசி அரைக்க வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார். மற்றவர்கள் சாமி படம் போடுவார்கள். இவருக்கு ஊர்ப் படம்தான் வேண்டும். அந்த வருஷம் அவர் கேட்டது: தெப்பக்குளத்திலிருந்து மலைக்கோட்டை, மெயின் கார்டு கேட், காவிரிப் பாலம், ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரம், முக்கொம்பு, கல்லணை.

முதலாளி ஆரோக்கியசாமி தொழிலில் ரெண்டு விஷயத்தை விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஒன்று, "கோபுரத்தை எடுத்தா அடியில ஒரு ஆள் நிக்கணும்டா. ஆள் நின்னாத்தான் கோபுரம் எவ்ளோ ஒசரம்னு தெரியும்." இன்னொன்று, "நெகட்டிவ்ல கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி மூணு தடவை யோசி. பிரிண்டு கெட்டா பேப்பர் போச்சு. நெகட்டிவ் கெட்டா அந்த நாளே போச்சு."

ஒவ்வொரு இடத்துக்கும் காதர் பாய் கடையில் மணிக்கணக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு போவேன். பாயிடம் சைக்கிள் எடுப்பது என்றால் ஊருக்கே தெரியும். வண்டி எங்கே போகிறது, எத்தனை மணிக்குத் திரும்பும் என்று முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். அதை அவர் சத்தமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதுவார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணி, மலைக்கோட்டை. காலண்டர் வேலையா? மணப்பாறைக் காலண்டர்தானே? எனக்கு ஒண்ணு எடுத்து வைப்பா, மறந்துராத!"

கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே ஓர் ஆள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பார். தலையில் துண்டு, கிரீஸ் படிந்த பனியன். அவர் முதுகைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றியதும் இல்லை.

3. ட்ரேயில் வந்த ஆள்

முதல் மூன்று இடத்தையும் எடுத்து முடித்து, ஒரு மத்தியானம் டார்க் ரூமில் பிரிண்டு போட உட்கார்ந்தேன். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் பேப்பரை டெவலப்பரில் போட்டால், முதலில் கறுப்பான இடங்கள் வரும், அப்புறம்தான் மற்றது மெல்ல மெல்ல வரும். பாலத்துப் படம் வந்துகொண்டிருந்தது. தூண்கள், தண்ணீர், கரையில் படிக்கட்டு. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள்.

கரையில் ஆள் நிற்பது அதிசயமில்லை. வெள்ளைச் சட்டை, வேட்டி. பக்கவாட்டாகத் திரும்பி நிற்கிறான். குடையின் பிடியைச் சட்டைக் காலரில் பின்பக்கம் மாட்டி, குடையை முதுகில் தொங்கவிட்டிருக்கிறான். பார்க்க வால் மாதிரி இருந்தது.

இந்த வாலை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. கண்ணாடியில் காய்ந்துகொண்டிருந்த மலைக்கோட்டைப் படத்தை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தெப்பக்குளத்து மதிலோரம் அதே வெள்ளைச் சட்டை, அதே வால். மெயின் கார்டு கேட் படத்தை எடுத்தேன். வளைவுக்குக் கீழே, பழக்கூடைக்காரிக்குப் பக்கத்தில், பக்கவாட்டாக நிற்கிறான்.

எடுக்கும்போது எப்படிக் கண்ணில் படவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் கேமராவில் மேலேயிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். சின்னக் கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். நான் பார்த்தது கோபுரம் சாய்கிறதா, வானம் எவ்வளவு வருகிறது என்பதைத்தான்.

முதலாளியிடம் ஓடினேன்.

"ஒரு ஆள் என் பின்னாடியே வர்றான் முதலாளி. மூணு எடத்துலயும் இருக்கான்."

"உன் பின்னாடி எவன்டா வருவான்? உன் நெழலே தயங்கித் தயங்கித்தான் வருது."

"சி.ஐ.டி.யா இருக்குமோ?"

"சேசுவே! சி.ஐ.டி.க்கு வேற சோலி இல்ல. போய் பிரிண்டு அலசுற ஹைப்போத் தண்ணியை மாத்து."

4. மொட்டைக் கோபுரத்தில் அரை மணி

நாலாவது இடத்துக்குப் போகும்போது உஷாராகப் போனேன். ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் கோபுரம் இப்போது பதின்மூன்று நிலையோடு நிற்கிறது. அன்றைக்கு அடிக்கட்டு மட்டும்தான். மேலே ஒன்றும் கிடையாது. அதனால்தான் மொட்டைக் கோபுரம்.

எனக்கு முன்னாலேயே அவன் அங்கே நின்றான். வாசல் தூணோரம், பக்கவாட்டாக, முதுகில் குடை. தாடி வைத்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. கோபுரத்தைப் புதிதாகப் பார்க்கிறவன் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒன்றுமில்லாத மேல்பக்கத்தை எவன் இவ்வளவு நேரம் பார்ப்பான்?

அவன் நகரட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் எடுக்கட்டும் என்று அவனும் காத்திருக்கிறான் போலிருந்தது. வாசலில் துளசி விற்றுக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"என்ன தம்பி, படம் புடிக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? அரை மணியா மொட்டைக் கோபுரத்தை மொறைச்சுக்கிட்டே இருக்கீங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் அசையவில்லை. கிட்டே போய் "கொஞ்சம் நகருங்க" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வேறு வழியில்லாமல் அவனையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

முக்கொம்புக்கு விடியக் கிளம்பிப் போனேன். அத்தனை தூரம் எவன் வருவான் என்று தைரியம். பிரிண்டு போட்டுப் பார்த்தால் மதகுப் பக்கம் நிற்கிறான், வாலோடு.

கல்லணைக்கு மட்டும் முதலாளியோடு பஸ்ஸில் போனேன். அந்தப் படத்தில் அவன் இல்லை. என் மூளை இதை வைத்து என்ன கணக்குப் போட்டது தெரியுமா? முதலாளி கூட இருந்தால் வருவதில்லை, நான் தனியாகப் போனால் வருகிறான். அப்படியென்றால் அவனுக்கு வேண்டியது நான்தான். அன்றைக்கு நான் சைக்கிள் எடுக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

5. கத்தி

எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். போலீஸ் ஆள் படத்தில் இருக்கக் கூடாது. காலண்டர் அச்சாகி வந்து, "எங்க ஆளை எதுக்குப் படம் புடிச்சே" என்று கேட்டால் என்ன சொல்வேன்? பிரிண்டில் பிரஷ் வைத்து மறைத்தால் நெகட்டிவில் அவன் இருப்பான். நெகட்டிவில் இருந்தால் சாட்சி இருக்கிற மாதிரி.

நெகட்டிவைத் திருத்துகிற டச்சிங் வேலையில் எனக்குக் கை சுத்தம் என்று முதலாளியே சொல்வார். வெள்ளைச் சட்டை நெகட்டிவில் கறுப்பாக இருக்கும். அதைக் கத்தி முனையால் பூ மாதிரி சுரண்டிச் சுரண்டி மெலிய வைக்க வேண்டும். கறுப்புக் குடை நெகட்டிவில் வெறும் கண்ணாடியாக இருக்கும். அதைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். மலைக்கோட்டை, மெயின் கார்டு கேட், பாலம், முக்கொம்பு என்று நாலு நெகட்டிவிலும் அவனைச் சுரண்டி எடுத்தேன். ஒவ்வொன்றாக முடிய முடியத்தான் மூச்சு வந்தது.

மொட்டைக் கோபுரத்தை எடுத்து வைத்தபோது முதலாளி உள்ளே வந்துவிட்டார். முக்கொம்பு நெகட்டிவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது யாரு பண்ணின வேலை?"

"தூசி விழுந்திருச்சு முதலாளி. அதான் கொஞ்சம்..."

"தூசிக்குக் கையும் காலும் இருந்துச்சா?"

அவர் கத்தியைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். "இனிமே நெகட்டிவ்ல கை வச்சே, கையை ஒடச்சிருவேன்" என்றார். மொட்டைக் கோபுரத்துக்கு மட்டும் நெகட்டிவைத் தொட முடியாமல் போனது. பெரிய பிரிண்டு போட்டு, முதலாளி வெளியே போன நேரம் பார்த்துப் பிரஷ்ஷால் அவனைத் தூணோடு தூணாக்கிவிட்டேன். ஆறு படமும் சிவகாசிக்குப் போயின.

6. "என்னை எங்க தம்பி வச்சீங்க?"

மார்கழியில் காலண்டர் கட்டு வந்தது. சொன்னபடி காதர் பாய்க்கு ஒன்று கொடுத்தேன். கடைச் சுவரில் மாட்டினார்.

ரெண்டு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சைக்கிளை விடப் போனேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பஞ்சர் ஒட்டுகிற ஆள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். தாடி. அவருக்குப் பின்னால் ஆணியில் ஒரு குடை தொங்கியது.

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"தம்பி, இது நீங்க எடுத்த படம்தானே?" காலண்டரைக் காட்டினார். சத்தம் வராத பேச்சு.

"ஆமா."

"ஆறு தாளையும் பொரட்டிப் பொரட்டிப் பாத்துட்டேன். அஞ்சு எடத்துல நின்னேன். என்னை எங்க தம்பி வச்சீங்க?"

அவரே சொன்னார்.

"மணப்பாறையில எங்க வீட்டுக்காரி இருக்கா. முறுக்கு சுடுற வீடு. அரிசி அரைக்க அந்த மில்லுக்குத்தான் போவா, காலண்டரும் அங்கதான் குடுப்பாங்க. நான் ஊரை விட்டு வந்து பத்து மாசம் ஆச்சு. கடுதாசி போட்டா ஒடச்சுப் பாக்குறாங்க. ஒருத்தன்கிட்ட சொல்லி அனுப்பினேன், அவனை ரெண்டு நாள் வச்சு விசாரிச்சுட்டாங்க. அப்புறம் யாரையும் அனுப்பல."

"அதுக்கு?"

"காலண்டர்னா வருஷம் பூரா செவுத்துல தொங்கும். என்னிக்காச்சும் ஒரு நாள் அவ கண்ணுல படாமயா போயிரும்? மொகம் தெரியாது. ஆனா குடை தெரியும். இப்படி மாட்டாதீங்க, கொரங்கு மாதிரி இருக்குன்னு எப்பவும் கிண்டல் பண்ணுவா. அதான் சைடுல நின்னேன்."

சைக்கிள் எங்கே போகிறது என்று பாய் முதல் நாள் போட்ட சத்தமெல்லாம் அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. நாளைக்கு எங்கே போகிறேன் என்று நானேதான் அவருக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"போன வாரம் மணப்பாறை மாட்டு வியாபாரி ஒருத்தர் இங்க பஞ்சர் ஒட்ட வந்தாரு" என்றார். "நான் யாருன்னு தெரியாம பாய்கிட்ட ஊர்க்கதை சொல்லிக்கிட்டிருந்தாரு. கொள்ளிடத்துல ஒரு பொணம் ஒதுங்குச்சாம். அது நான்தான்னு ஊர்ல முடிவு பண்ணிட்டாங்களாம். அவ அண்ணன்மாரு காரியம் பண்ணிரலாம்னு நிக்கிறாங்களாம். அவதான் தை பொறக்கட்டும், பாக்கலாம்னு சொல்லி வச்சிருக்காளாம். தைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு சொல்லுங்க."

இத்தனையும் கேட்ட பிறகு என் மனசு இளகியது என்று எழுத ஆசைதான். உண்மையில் என் மனசில் ஓடியது வேறு. இது வலையாக இருந்தால்? ஓடி ஒளிந்தவனுக்கு நான் உதவி செய்கிறேனா என்று பார்க்க வந்த ஆளாக இருந்தால்?

"உங்க பேரு?" என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. தெரிஞ்சா உங்களுக்குத்தான் பாரம்."

இது சந்தேகத்தைக் கூட்டியது. அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போல.

"உங்களை எனக்குத் தெரியும். போன வருஷம் எங்க சங்கத்துக்குப் படம் புடிச்சது நீங்கதானே? மூணாவது வரிசை, ஓரத்துல நின்னேன். 'அண்ணே, குடையைக் கழட்டுங்க'ன்னு நீங்கதான் சத்தம் போட்டீங்க."

சொல்லியிருப்பேன். குரூப் போட்டோ என்றால் எல்லோரிடமும் ஏதாவது ஒன்றைக் கழற்றச் சொல்கிறவன்தான் நான். அந்த நெகட்டிவ் இருந்தால் ஒரு நிமிஷத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதைத்தான் அடுப்பில் போட்டாயிற்றே.

"சிவகாசியில வெட்டிட்டாங்க போல இருக்கு" என்று சொன்னேன். கூசாமல் வந்தது பொய்.

"அப்படியா" என்றார். மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ட்யூபைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.

7. திரும்ப வந்த தூசி

நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவர் சொன்னது பொய்யென்றால் நான் தப்பித்தேன். நிஜமென்றால், ஓர் ஆள் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு இருந்த அத்தாட்சியை நான் கத்தியால் சுரண்டியிருக்கிறேன். எது நிஜம் என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

கடைசியில் என்னை மாதிரிக் கோழை செய்யக்கூடிய ஒரு வேலை கிடைத்தது. எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. காலண்டர் முடிந்ததும் ஆறு படத்தில் ஒன்றைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, மில்லுக்கு அன்பளிப்பாகக் கொடுப்போம். பெரும்பாலும் மலைக்கோட்டைதான். இந்தத் தடவை மொட்டைக் கோபுரம் கொடுக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். சரி என்றார். நான் நினைத்தது இதுதான்: அவர் சி.ஐ.டி.யாக இருந்தாலும் கோபுரத்தடியில் ஆள் நிற்கிற படத்தை மாட்டுவது குற்றமாகாது. யாரையும் நம்ப வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம்.

கத்தி படாத அந்த ஒரே நெகட்டிவை என்லார்ஜரில் வைத்தேன். ஒளி விழும்போது அவர் நின்ற இடத்துக்கு மட்டும் விரலால் நிழல் கொடுத்து, சட்டையை வெள்ளையாகவே நிறுத்தினேன். பின்னால் இருந்த தூணைக் கொஞ்சம் கூடுதலாகக் கறுக்க வைத்தேன். ஏழு பேப்பர் வீணாகி எட்டாவதில் சரியாக வந்தது. மூன்று மாசமாக அழிக்கப் பார்த்த ஆளை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வரவழைத்தேன்.

முதலாளி படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இப்பத்தான்டா கோபுரம் கோபுரமா இருக்கு." அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "காலண்டர்ல இந்த ஆளு இல்லையே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"என்ன, தூசி திரும்பி வந்துருச்சா?"

அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஃபிரேமைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு மணப்பாறைக்குப் பஸ் ஏறினேன். மில்லில் பண்டிகைக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் அரிசி டின்னோடு வரிசையில் நின்றார்கள். எல்லார் தலையிலும் மாவு. பழனியப்பன் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"என் நாற்காலிக்கு மேல மாட்டிருவோம்."

"அங்க வெளிச்சம் பத்தாதுங்க. மிஷினுக்கு எதிர்ச் செவுத்துல மாட்டினா எடுப்பா இருக்கும்."

"அங்க மாவு பறக்கும்ப்பா. பொம்பளைங்க இடிச்சுத் தள்ளிருவாளுங்க."

"பரவால்லீங்க. வர்றவங்க கண்ணுல படணும்ல, நம்ம ஸ்டுடியோவுக்கும் ஒரு பேருதானே."

அரை மனசோடு ஒத்துக்கொண்டார். ஆனால் ஆள் கை படக்கூடாது என்று ஏணி போட்டு உயரத்தில் மாட்டச் சொல்லிவிட்டார். அவ்வளவு உயரத்தில் குடை தெரியுமா? வரிசையைப் பார்த்தேன். இதில் யார்? யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது? எதிர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆள் மில்லையே பார்ப்பது போலிருந்தது. அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பினேன். பாய் கடைப் பக்கம் போகவே இல்லை. சைக்கிள் வேண்டிய இடத்துக்கெல்லாம் நடந்தேன்.

8. மூட்டை

மாசியில் மணப்பாறையில் ஒரு கல்யாண வேலை வந்தது. போன இடத்தில் மில்லுக்குள் எட்டிப் பார்த்தேன். ஃபிரேம் அங்கேயே இருந்தது. கண்ணாடி முழுக்க மாவு படிந்து, கோபுரம் பனிக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. கீழ் மூலையில் மட்டும், தூணோரம், பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பளிச்சென்று துடைத்திருந்தது. அந்த வட்டத்துக்குள் வெள்ளைச் சட்டை, முதுகில் குடை.

பழனியப்பன் என் பார்வையைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நீயே பாருப்பா இந்தக் கூத்தை. பொங்கலுக்கு முன்னாடியிருந்து நடக்குது. மாவு படியுது, ரெண்டு நாள்ல அந்த எடம் மட்டும் சுத்தமாயிருது. எவ பண்றான்னு தெரியல. தொடைக்கிறதுதான் தொடைக்கிறா, முழுசாத் தொடைச்சா கொறைஞ்சா போயிருவா? இதுல அரிசி மூட்டையை வேற இழுத்துப் போட்டு ஏறி நிக்கிறா. மூட்டை மேல கால் தடம் கெடக்கு, சின்னப் புள்ளை காலு மாதிரி."

சும்மா "ஓகோ" என்றேன். வேறெதுவும் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் பாய் கடைக்குப் போனேன். பாய் முன்னால் யாரிடமோ வாடகைக்கு வாதாடிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம் தொட்டியருகே போய், செருப்பை மாட்டுகிறவன் போலக் குனிந்தேன்.

"மில்லுல ஒரு படம் மாட்டியிருக்கு. மொட்டைக் கோபுரம். அதுல நீங்க இருக்கீங்க."

ட்யூபைப் பிடித்திருந்த கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"நீங்க நிக்கிற எடத்தை மட்டும் யாரோ தொடச்சு வைக்கிறாங்க."

"யாரோன்னா?"

"பாக்கல. படம் ஒசரத்துல இருக்கு. அரிசி மூட்டை மேல ஏறி நின்னு தொடைக்கிறாங்களாம்."

அவர் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மூட்டை போட்டு ஏறினாளா? அப்ப அவதான். அவளுக்கு உறிப்பானையே எட்டாது."

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் என் சந்தேகம் முழுசாகப் போனது. அதுவரை, மணப்பாறை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுகூட, பாதி சந்தேகம் இருந்தது. கொஞ்ச நாளில் எமர்ஜென்சி போனது. ஒரு நாள் ஆணியில் குடை இல்லை. பாய் வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தார். சிவகாசிக்காரர்கள் மேல் நான் போட்ட பழியை அவரிடம் திருத்திச் சொல்லவே முடியாமல் போனது. அது இன்னும் என்னிடம் பாக்கி.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. படத்தில் தெரியாத ஆள் வந்து நின்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். எனக்கு இந்த வயசிலும் வருகிறது. வந்தால் பிரிண்டில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். நெகட்டிவில் மட்டும் கத்தி வைக்காதீர்கள். மலைக்கோட்டை, மெயின் கார்டு கேட், பாலம், முக்கொம்பு என்று அந்த நாலு நெகட்டிவும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நாலிலும் ஒரு சுரண்டல், ஓர் ஆள் உயரத்துக்கு.